"இது பரம்பரையா வருமா?" – மனநோய் மரபணுவைத் தேடிய 40 ஆண்டுக் கணக்கு சொல்வது என்ன?

கல்யாணப் பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும். ஜாதகம் பொருந்திவிட்டது, வேலை பிடித்துவிட்டது, சம்பளமும் ஓகே. அப்போது யாராவது ஒருவர் மெதுவாகக் கொளுத்திப் போடுவார்: "பொண்ணோட சித்தப்பாவுக்கு மனசு சரியில்லையாமே... அது பரம்பரையா வருமோ?"

அதோடு அந்தப் பக்கத்திலிருந்து போன் வருவது நின்றுவிடும்.

இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி, உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களின் டிஎன்ஏ-வை விஞ்ஞானிகள் அலசியிருக்கிறார்கள். 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று அறிவித்து, பிறகு 'இல்லை, தப்பு' என்று பின்வாங்கிய கதைகளும் உண்டு. இன்று கையில் இருக்கும் பதில் 'வரும்' என்பதும் இல்லை, 'வராது' என்பதும் இல்லை. அது ஒரு எண். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதை எப்படிப் படிக்க வேண்டும்?

முதல் துப்பு கொடுத்த இரட்டையர்கள்

மனநோய் சில குடும்பங்களில் அதிகம் தென்படுகிறது என்பது மருத்துவர்களுக்கு நூறு ஆண்டுகளாகவே தெரியும். ஆனால், குடும்பத்தில் வருவதெல்லாம் மரபணுவால் வருவதில்லை. ஒரு வீட்டில் நாலு பேரும் ஒரே நடிகருக்கு ரசிகர்கள் என்றால், அதற்கு ஜீன் காரணம் இல்லையே! சேர்ந்து வாழ்வதால் வருவதையும் ரத்தத்தில் வருவதையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழிதான் இரட்டையர் ஆய்வு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் கிட்டத்தட்ட அச்சு அசல் ஒன்றே. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையர்கள், சாதாரண அண்ணன் தம்பியைப் போல, சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். ஆகவே, முதல் வகையில் ஒற்றுமை எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ, அதை மரபணுவின் கணக்கில் எழுதலாம்.

டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு இதைத்தான் செய்தது. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரீனியா இருந்தால், இன்னொருவருக்கும் அது இருந்தது 33 சதவீதம் பேருக்கு. தனிக்கரு இரட்டையரில் அது 7 சதவீதம். இந்த இடைவெளியை வைத்துப் போட்ட கணக்கில், நோயின் 'மரபுவழிப் பங்கு' 79 சதவீதம் என்று வந்தது. மனச்சோர்வுக்கு, அதாவது டிப்ரெஷனுக்கு, இரட்டையர் ஆய்வுகள் சொல்லும் பங்கு இதைவிடக் குறைவு. சுமார் 37 சதவீதம்.

79 சதவீதம்னா, 79 சதவீதம் பேருக்கு வரும்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு கிராமத்தில் எல்லா வயலுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே உரம். ஆனால், ஆளாளுக்கு வேறு வேறு நெல் ரகம் போட்டிருக்கிறார்கள். அறுவடையில் தெரியும் வித்தியாசம் முழுக்க ரகத்தால் வந்தது. அதே ரகங்களை, சில வயல்கள் தலைமடையிலும் சில கடைமடையிலும் இருக்கும் ஊரில் போட்டால்? வித்தியாசத்தில் பெரும்பங்கு தண்ணீரால் வரும். விதை மாறவில்லை; விதையின் 'சதவீதம்' மட்டும் குறைந்துவிட்டது.

மரபுவழிப் பங்கும் இப்படித்தான். ஒரு மக்கள் கூட்டத்தில், மனிதருக்கு மனிதர் காணப்படும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபணுவால் வருகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். தனி ஒருவருக்கு நோய் வருமா என்று அது சொல்லாது.

டென்மார்க் எண்ணையே இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரே மரபணுக்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தும், இன்னொருவருக்கு வராதது 67 சதவீதம். மரபணுதான் தலையெழுத்து என்றால் அந்த எண் பூஜ்ஜியமாக இருந்திருக்க வேண்டும்.

ரெண்டு பேரால் உடைந்த கண்டுபிடிப்பு

மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது, சரி. எந்த மரபணு?

1987-ல் ஒரு பதில் கிடைத்ததுபோல் இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் சமூகத்தினர், வெளியில் அதிகம் மணம் செய்யாமல், வம்சாவளியைக் கவனமாகப் பதிவு செய்து வருபவர்கள். அங்கே ஒரு பெரிய குடும்பத்தில், இருமுனையப் பிறழ்வு எனப்படும் பைபோலார் நோய் பல தலைமுறைகளாக இருந்தது.

ஆய்வாளர்கள் 'பிணைப்பு ஆய்வு' என்ற முறையைக் கையில் எடுத்தார்கள். இதன் தர்க்கம் எளிமையானது. நோய் வந்தவர்கள் எல்லோரும் டிஎன்ஏ-வின் ஒரு குறிப்பிட்ட துண்டைத் தவறாமல் வைத்திருந்து, நோய் வராதவர்களிடம் அது இல்லை என்றால், நோய்க்கான மரபணு அந்தத் துண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். 11-வது குரோமோசோமில் அப்படி ஒரு இடம் சிக்கியது. 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி.

1989-ல் அதே இதழில் மறு ஆய்வு வெளியானது. இடைப்பட்ட காலத்தில், 'நோய் இல்லை' என்று எண்ணப்பட்டிருந்த இரண்டு பேருக்கு நோய் வந்துவிட்டது. அவர்களிடம் அந்தத் துண்டு இல்லை. இந்த ரெண்டு பேரைக் கட்டம் மாற்றி எழுதியதுமே புள்ளியியல் ஆதாரம் சரசரவென்று சரிந்தது. அதே குடும்பத்தின் மற்ற கிளைகளைச் சேர்த்துப் பார்த்தபோது மிச்சமும் போய்விட்டது.

ஸ்கிசோஃப்ரீனியாவிலும் இதே கதை. 1988 நவம்பரில் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. பிரிட்டன், ஐஸ்லாந்து குடும்பங்களைப் பார்த்த ஒன்று, 5-வது குரோமோசோமில் தொடர்பு இருக்கிறது என்றது. ஸ்வீடன் குடும்பத்தைப் பார்த்த இன்னொன்று, இல்லை என்றது.

பிணைப்பு ஆய்வு மோசமான முறை அல்ல. ஹன்டிங்டன் போன்ற, ஒற்றை மரபணுவால் வரும் நோய்களில் அது அருமையாக வேலை செய்தது. மனநோய் அந்த ரகமில்லை என்பதுதான் பிரச்சினை.

'டிப்ரெஷன் ஜீன்' என்ன ஆனது?

அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் மனநிலையோடு தொடர்புடையது. ஆகவே, செரட்டோனினைக் கையாளும் மரபணுவை நேரடியாகச் சோதிப்போம். சந்தேகப்படும் ஆளை முதலிலேயே முடிவு செய்துவிட்டு விசாரிப்பது மாதிரி. இதற்கு 'வேட்பாளர் மரபணு' ஆய்வு என்று பெயர்.

2003-ல் நியூசிலாந்தின் டனிடின் நகரில் பிறந்து, குழந்தைப் பருவம் முதலே கண்காணிக்கப்பட்டுவந்த 847 பேரை வைத்து ஒரு கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வந்தது. செரட்டோனின் மரபணுவின் 'குட்டை' வடிவம் இருப்பவர்களுக்கு, வாழ்க்கையில் தொடர் அடிகள் விழும்போது மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்றது அது. கேட்கவே பொருத்தமாக இருந்தது. இதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்தன. சிலவற்றில் தொடர்பு இருந்தது, சிலவற்றில் இல்லை.

2019-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கை முடித்து வைத்தார்கள். மனச்சோர்வுக்குக் காரணமாக அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை எடுத்துக்கொண்டு, 62,138 பேர் முதல் 4,43,264 பேர் வரையிலான தரவுகளில் சோதித்தார்கள். முடிவு: இந்தப் 'பிரபல' மரபணுக்கள், வேறு எந்த மரபணுவையும்விட மனச்சோர்வோடு அதிகத் தொடர்பு கொண்டவையாக இல்லை. சுமார் 20 ஆண்டு உழைப்பு, தற்செயலைத் துரத்திய உழைப்பாக ஆகிப்போனது.

கைராசியும் தற்செயலும்

இவ்வளவு படித்தவர்கள் எப்படி ஏமாந்தார்கள்? இதைப் புரிந்துகொள்ள ஒரு நாணயம் போதும்.

ஒரு கல்லூரியில் 1,024 மாணவர்கள் ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டுகிறார்கள். பத்து முறையும் தலையே விழும் வாய்ப்பு 1,024-ல் ஒன்று. ஆக, கூட்டத்தில் சராசரியாக ஒரு மாணவருக்கு அது நடக்கும். அவரை மட்டும் மேடையேற்றிக் காட்டினால், 'கைராசிக்காரர்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவரிடம் ராசி எதுவும் இல்லை. சோதித்துப் பார்த்த எண்ணிக்கை அதிகம், அவ்வளவுதான்.

மரபணு ஆய்விலும் இதே கதைதான். உண்மையில் தொடர்பே இல்லாதபோது, வெறும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே இருந்தால், அதை 'முக்கியமானது' என்று ஏற்பது பல துறைகளில் வழக்கம். பி-வேல்யூ என்று ஆய்வாளர்கள் சொல்வது இந்த அளவுகோலைத்தான். ஒரு மரபணுவைச் சோதித்தால் இது பரவாயில்லை. மரபணுத்தொகுதி முழுக்கப் பத்து லட்சம் இடங்களைச் சோதித்தால்? உண்மையில் எங்கேயும் தொடர்பே இல்லாவிட்டாலும், 50,000 இடங்கள் 'முக்கியம்' என்று கை தூக்கும்.

எனவே இத்தாலியக் கணிதவியலாளர் போன்ஃபெரோனியின் பெயரால் அழைக்கப்படும் திருத்தத்தை வைத்தார்கள்: எத்தனை சோதனையோ, அத்தனையால் வரம்பை வகுத்துவிடு. 5 சதவீதத்தைப் பத்து லட்சத்தால் வகுத்தால் கிடைப்பது, 2 கோடியில் ஒன்று. இதைத் தாண்டினால்தான் ஒரு மரபணு இடத்துக்கு அனுமதி. இன்று வரை உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பின்பற்றும் எல்லைக்கோடு இது.

யாரையும் சந்தேகிக்காதே, எல்லோரையும் விசாரி

இந்தக் கறாரான விதியோடு வந்த முறைதான் ஜிவாஸ். தமிழில் சொன்னால், மரபணுத்தொகுதி முழுவதற்குமான தொடர்பு ஆய்வு. இதில் எந்த மரபணு மீதும் முன்கூட்டிய சந்தேகம் கிடையாது. நோய் உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். டிஎன்ஏ-வின் 300 கோடி எழுத்துகளில் மனிதருக்கு மனிதர் மாறுபடும் லட்சக்கணக்கான இடங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து நோயாளிகளிடம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறதா? அதுதான் கேள்வி.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு சின்னது தெரியுமா? பொதுமக்களில் 1,000 பேரில் சுமார் 10 பேருக்கு ஸ்கிசோஃப்ரீனியா வரும் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாகக் காணப்படும் ஓர் ஆபத்து எழுத்து, அந்தப் 10 பேரை 11 ஆக்கும். சில சமயம் அதுகூட இல்லை. இவ்வளவு சின்ன வித்தியாசம் 847 பேரில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததாகத் தோன்றினால், அது கைராசி மாணவர் கதைதான்.

ஆகவே, தனித்தனியாக இருந்த ஆய்வுக்குழுக்கள் தரவுகளை ஒன்றாகக் கொட்டத் தொடங்கின. 2007-ல் உருவான 'சைக்கியாட்ரிக் ஜீனோமிக்ஸ் கன்சார்ட்டியம்' அப்படிப்பட்ட கூட்டணி. 2014-ல் 36,989 நோயாளிகளையும் 1,13,075 பிறரையும் ஒப்பிட்டு, ஸ்கிசோஃப்ரீனியாவோடு தொடர்புடைய 108 இடங்களை அறிவித்தார்கள். 2022-ல் 76,755 நோயாளிகள், 2,43,649 பிறர். கிடைத்தவை 287 இடங்கள். மனச்சோர்வுக்கு 2025-ல் வெளியான ஆய்வில் நோயாளிகள் மட்டும் 6,88,808 பேர். மரபணுத் தொடர்புகள் 697.

இந்த முறை முடிவுகள் நிலைத்து நிற்கின்றன. ஒரு குழு கண்டதை இன்னொரு குழு புதிய ஆட்களிடம் சோதித்தாலும் பெரும்பாலும் அதே திசையைக் காட்டுகிறது.

இட்லி மரபணு என்ற பொறி

ஆட்களைக் குவித்தால் மட்டும் போதாது. இன்னொரு பொறியும் இருக்கிறது.

நோயாளிகளைச் சென்னையிலும், ஒப்பிடுவதற்கான ஆரோக்கியமானவர்களை டெல்லியிலும் திரட்டினால் என்ன ஆகும்? தெற்கத்தி மக்களிடம் தற்செயலாக அதிகம் காணப்படும் ஒவ்வொரு எழுத்தும் 'நோய்க்கான மரபணு' என்று வந்து நிற்கும். அதே தரவில் 'தினமும் இட்லி சாப்பிடுவீர்களா?' என்று கேட்டால், இட்லிக்கும் ஒரு மரபணு கிடைக்கும். எழுத்துக்கும் இட்லிக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டுமே ஊரோடு சம்பந்தப்பட்டவை.

இதற்கான தீர்வும் புள்ளியியலில் இருந்தே வந்தது. முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற முறை, ஒவ்வொருவரின் லட்சக்கணக்கான எழுத்துகளைச் சில எண்களாகச் சுருக்கிவிடும். 2008-ல் ஐரோப்பியர்களின் டிஎன்ஏ-வை இப்படி இரண்டே எண்களாகச் சுருக்கிப் புள்ளி வைத்தபோது, கிட்டத்தட்ட ஐரோப்பிய வரைபடமே தாளில் வந்து நின்றது. ஒருவருடைய முன்னோர் எந்தப் பக்கத்தவர் என்பதை அந்த எண்களே சொல்லிவிடுவதால், அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தில் மட்டும் நோயைத் தேடலாம்.

தோற்றவர்களையும் எண்ணிப் பார்த்தபோது

திருப்புமுனை 2009-ல் வந்தது. 3,322 ஸ்கிசோஃப்ரீனியா நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், 2 கோடியில் ஒன்று என்ற கோட்டைத் தாண்டியவை மிகச் சொற்பம். ஷான் பர்செல் தலைமையிலான ஆய்வாளர்கள் அங்கே நிற்காமல் ஒரு வித்தியாசமான காரியம் செய்தார்கள். கோட்டைத் தாண்டாமல் தோற்றுப்போன ஆயிரக்கணக்கான எழுத்துகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் சிறு எடையைக் கொடுத்து, ஒரு நபருக்கு ஒரு மொத்த மதிப்பெண் போட்டார்கள். சின்னச் சின்னச் சில்லறையைக் கூட்டி மொத்தம் பார்ப்பது மாதிரி.

பிறகு, அந்த மதிப்பெண்ணை முற்றிலும் வேறு ஆட்களிடம் சோதித்தார்கள். நோயாளிகளின் சராசரி, மற்றவர்களின் சராசரியைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. பைபோலார் நோயாளிகளுக்கும் அது அதிகமாக இருந்தது. இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அப்படி எதுவும் இல்லை.

'ஒரு பெரிய காரணம் இல்லை, ஆயிரக்கணக்கான சிறு காரணங்கள்' என்று காட்ஸ்மேன், ஷீல்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-லேயே ஊகித்திருந்தார்கள். 42 ஆண்டு கழித்து அதற்கு ஆதாரம் கிடைத்தது. இந்த மொத்த மதிப்பெண்தான் இன்று 'பல்மரபணு ஆபத்து மதிப்பெண்' என்று பேசப்படுகிறது.

இதற்கு விதிவிலக்கு உண்டு. மிக அரிதாக, 22-வது குரோமோசோமில் ஒரு துண்டே இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா வருகிறது. ஆனால், பெரும்பாலான நோயாளிகளின் கதை அது அல்ல.

மருத்துவமனை போட்ட எல்லை, டிஎன்ஏ-வில் இல்லை

பைபோலார் நோயாளிகளிடமும் ஸ்கிசோஃப்ரீனியா மதிப்பெண் அதிகமாக இருந்ததைத் தொடர்ந்து, நோய்களுக்கு இடையிலான மரபணு ஒற்றுமையை அளக்கும் முறைகள் வந்தன. எந்தத் தொடர்பும் இல்லை என்றால் பூஜ்ஜியம். முழுக்க ஒன்றே என்றால் ஒன்று. ஸ்கிசோஃப்ரீனியாவுக்கும் பைபோலாருக்கும் கிடைத்த அளவு சுமார் 0.7.

25 மூளை சார்ந்த நோய்களை 2018-ல் ஒப்பிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நரம்பியல் நோய்கள் மரபணு அளவில் பெரும்பாலும் தனித்தனியாக நிற்கின்றன. மனநோய்களோ ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு, இன்னொருவருக்கு பைபோலார் என்று வருவது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கம்.

நம்ம ஊருக்கு இந்த மதிப்பெண் செல்லுபடியாகுமா?

முழுசாக இல்லை.

2019-ல் வெளியான ஒரு கணக்குப்படி, உலகின் மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். உலக மக்கள்தொகையில் அவர்கள் 16 சதவீதம்தான். அதே ஆய்வில், உயரம், ரத்தம் சார்ந்த அளவுகள் உள்ளிட்ட 17 அம்சங்களுக்கு ஐரோப்பியர்களை வைத்துச் செய்த மதிப்பெண், தெற்காசியர்களிடம் சராசரியாக 37 சதவீதம் துல்லியம் குறைவாக இருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் 78 சதவீதம் குறைவு.

நம் உடம்பு வேறு மாதிரி இயங்குகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கிழக்காசியர்களிடம் 2019-ல் நடந்த பெரிய ஆய்வில், ஸ்கிசோஃப்ரீனியாவின் மரபணு அடிப்படை ஐரோப்பியர்களோடு 0.98 அளவுக்கு ஒத்துப்போனது. அதாவது, கிட்டத்தட்ட ஒன்றே.

பின்னே எங்கே இடிக்கிறது? ஜிவாஸ் பெரும்பாலும் நோய்க்குக் காரணமான எழுத்தையே பிடிப்பதில்லை; அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அடையாளத்தைத்தான் பிடிக்கிறது. "பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துல மெடிக்கல் ஷாப்" என்று வழி சொல்வது மாதிரி. அந்த ஊரில் அது சரி. வேறு ஊரில் பிள்ளையார் கோயில் இருக்கும், பக்கத்தில் மெடிக்கல் ஷாப் இருக்காது.

இதனால்தான் உள்ளூர் ஆய்வுகள் தேவைப்படுகின்றன. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து அப்படி ஒன்றைச் செய்தன. தென்னிந்தியாவைச் சேர்ந்த நோயாளிகள், அவர்களின் உறவினர்கள், தொடர்பில்லாத பிறர் எனச் சுமார் 3,000 பேரின் டிஎன்ஏ அலசப்பட்டு, முடிவு 2019-ல் 'ஜமா சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. 8-வது குரோமோசோமில் ஓர் இடம் கோட்டைத் தாண்டியது. நியாசின், அதாவது வைட்டமின் பி3-ஐ உடல் பயன்படுத்தும் விதத்தோடு தொடர்புடைய மரபணு அங்கே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் வைட்டமின் மாத்திரை வாங்க ஓட வேண்டாம். 3,000 பேர் என்பது, மேலே பார்த்த எண்களோடு ஒப்பிட்டால் சின்னக் கூட்டம். ஆமிஷ் குடும்பக் கதை சொல்லும் பாடம் இதற்கும் பொருந்தும்: பெரிய கூட்டத்தில் மறுபடி தெரிந்தால்தான் முடிவு.

டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் மரபணு ரிப்போர்ட் தரும் கம்பெனிகள் பெருகிவிட்டன. அமெரிக்காவில், கருவிலேயே இந்த மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சேவைகூட விற்கப்படுகிறது. ஆனால், கணக்கு என்ன சொல்கிறது?

2022 ஆய்வின்படி, மதிப்பெண்ணில் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினருக்கு ஸ்கிசோஃப்ரீனியா வாய்ப்பு, மற்ற 99 சதவீதத்தினரைவிடச் சுமார் 5.6 மடங்கு. கேட்க பயமாக இருக்கும். ஆனால், 5.6 மடங்கு எதன் மேல்? பொதுவான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்றால், இவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு. உச்சபட்ச மதிப்பெண் எடுத்தவர்களிலும் 94, 95 பேருக்கு நோய் வராது. இதுவும் ஐரோப்பியர்களே அதிகம் இருந்த தரவில் கிடைத்த எண். நமக்கு அது இன்னும் மங்கலாகத்தான் தெரியும்.

மருத்துவர்கள் இந்த மதிப்பெண்ணை வைத்து யாருக்கும் நோயை உறுதி செய்வதில்லை. இந்த ஆய்வுகளின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. உதாரணமாக, 2016-ல் சி4 என்ற மரபணுவைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், வளரிளம் பருவத்தில் மூளை தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கத்தரிக்கும் வேலையோடு அது சம்பந்தப்பட்டது என்று கண்டார்கள். நோய் ஏன் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது என்பதற்கு இது ஒரு துப்பு. வருங்கால மருந்துகளுக்கு இத்தகைய துப்புகள்தான் வழிகாட்டும்.

கடைசியா... வருமா, வராதா?

கல்யாணப் பேச்சுக்குத் திரும்புவோம். அந்தக் கேள்விக்கு மிக நேரான விடை, டிஎன்ஏ எதையும் தொடாத ஒரு கணக்கில் இருக்கிறது. டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டில் உள்ள சுமார் 27 லட்சம் பேரை வைத்து 2010-ல் வெளியான ஆய்வு அது. ஸ்கிசோஃப்ரீனியாவுக்காக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்ததில் கிடைத்த எண்கள் இவை:

• பெற்றோர் இருவருக்குமே நோய் இருந்தால், பிள்ளைக்கு வந்தது – 27 சதவீதம்

• ஒருவருக்கு இருந்தால் – 7 சதவீதம்

• இருவருக்குமே இல்லை என்றால் – 0.86 சதவீதம்

அதாவது, அப்பா அல்லது அம்மாவுக்கே நோய் இருந்தாலும், 100 பிள்ளைகளில் 93 பேருக்கு அது வரவில்லை. சித்தப்பா, அத்தை, மாமா என்று உறவு தள்ளிப் போகப் போக வாய்ப்பு இன்னும் குறையும்.

அந்தக் கடைசி எண்ணையும் கவனியுங்கள். பெற்றோருக்கு நோய் இல்லாத குடும்பங்கள் எண்ணிக்கையில் மிக மிக அதிகம். அவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக வந்தால்கூட, மொத்த நோயாளிகளில் பெரும்பாலானோர் அந்தக் குடும்பங்களில் இருந்துதான் வருகிறார்கள். 'நோய் உள்ள குடும்பம்' ஒன்றை ஒதுக்கிவிட்டால் நமக்கு வராது என்று நினைப்பது, கணக்கே தெரியாத கணக்கு.

இன்னொரு கேள்வியும் வீடுகளுக்குள் சத்தமில்லாமல் கேட்கப்படுகிறது. "என் பிள்ளைக்கு நான்தான் கொடுத்துட்டேனா?" என்று தங்களையே கேட்டுக்கொள்ளும் பெற்றோர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான அந்த ஆபத்து எழுத்துகள் எந்தத் தனிக் குடும்பத்துக்கும் சொந்தமில்லை. பெண் வீட்டிலும் இருக்கின்றன, மாப்பிள்ளை வீட்டிலும் இருக்கின்றன, போன் செய்வதை நிறுத்திய வீட்டிலும் இருக்கின்றன. யாருக்கு எத்தனை சேர்ந்தது என்பது ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவது போலத்தான். அதில் யாருடைய தப்பும் இல்லை.

குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால், இந்தத் தகவலுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. வீட்டில் உள்ள இளையவர்களிடம் தூக்கமின்மை, திடீர் ஒதுக்கம், காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை தெரிந்தால், மறைக்காமல் சீக்கிரம் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். சிகிச்சை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ, அவ்வளவு நல்லது.

மனநல ஆலோசனை தேவைப்படுவோர் மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம். 24 மணி நேரமும், தமிழிலும் பேச முடியும்.